பொம்மையின் கூந்தலும் சிறகும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசைக்கும் நாடகத்திற்கும் உரிய இம்மேடையில் பொம்மைகளைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். 'இது சிறுபிள்ளை விளையாட்டுத்தானே' என்று சிலர் புன்முறுவல் பூப்பது இங்கிருந்தே தெரிகிறது. நாம் வாழும் இத்தில்லி மாநகரில், கேலிச்சித்திர மேதை சங்கர் அவர்கள் 1965ஆம் ஆண்டில் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நிறுவினார் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டி மேலே செல்கிறேன். அங்கே சென்றவர்கள் முகத்தையும் உடையையும் வியந்திருப்பீர்கள். தலைமயிரை உற்று நோக்கியவர் சிலரே. ஆயினும், பொம்மை உயிருடையது போல் தோன்றுவதும் வெறுங்கட்டையாய் நிற்பதும் பெரும்பாலும் அத்தலைமயிரைப் பொறுத்தவை.

நான் செய்துவருவது சிறகுடைய பெண் பொம்மை. நம் குழந்தைகள் இந்தி பேசும் தோழியரிடம் கற்று, இதனைப் 'பரீ' என்கிறார்கள். தமிழில் பரி என்றால் குதிரை! பேத்தி பரீ கேட்க, தாத்தா மரக்குதிரை வாங்கி வந்த வீடும் இருக்கக்கூடும். அது பாரசீகச் சொல். நம் சிற்பிகள் வானவர்க்குச் சிறகு வைத்தாரில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் விண்ணில் செல்வோர், முழங்காலை மடித்து உடலைச் சாய்த்த அந்நிலையாலேயே பறக்கிறார்கள். பாரசீக ஓவியர் பரீக்குப் பறவையின் இறகைத் தந்தனர். ஆங்கில ஓவியர் பூச்சியின் சிறகைத் தந்தனர். 1923இல் வெளிவந்த வசந்தகால மலர்த் தேவதைகள் நூலை எழுதி வரைந்த சிசிலி மேரி பார்க்கர் என்னும் அம்மையார், சுள்ளியும் சல்லாத் துணியும் கொண்டு தாமே சிறகுகள் செய்துகொண்டார். தம் தமக்கையார் நடத்திய மழலையர் பள்ளிக் குழந்தைகளை எதிரே நிறுத்திப் பார்த்து வரைந்தார். கண்ணால் காணாத தேவதையையும் கண்ணெதிரே வைத்துப் பார்த்தே வரைந்தவர் அவர்.

முதலில் கூந்தலைச் சொல்கிறேன். மனிதர் முடியையே ஒட்டிவிட்டால் இயல்பாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். திருமலையில் காணிக்கையாகும் முடி ஏலத்தில் விலைபோய், பொய்ம்முடியாகக் கடல் கடந்து செல்வதை அறிவோம். அது மனிதர் தலைக்குப் பொருந்தும், பொம்மைக்குப் பொருந்தாது. காரணம் அளவு. ஐந்தரை அடிப் பெண்ணைப் பதினோரு அங்குலப் பொம்மையாக்கினால், ஆறில் ஒரு பங்கு. கண்ணும் விரலும் ஆறில் ஒரு பங்காய்ச் சுருங்க, மயிர் மட்டும் சுருங்காது நின்றால் அது கயிறாகவே தோன்றும். தலைமயிரின் தடிமனை 70 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக்கினால் அதில் எழுபது பங்கு, எனக் கொள்வோம். நமக்கு வேண்டுவது 12 மைக்ரான். மல்பெரிப் பட்டுப்புழு நூற்கும் ஒற்றை இழை ஏறத்தாழ அதே அளவு! இக்கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில் நான் அடைந்த மகிழ்ச்சியை இல்லத்தரசியர் அறிவர். புடைவைப் பெட்டியில் இருக்கும் பொருளே போதும் என்றல்லவோ அது சொல்லிற்று!

மேனாட்டார் விரும்புவது மோஹேர் என்னும் அங்கோரா ஆட்டு மயிர். இளங்குட்டியின் மயிர் சுமார் 25 மைக்ரான். கணக்கின்படி தடித்ததுதான், எனினும் சுருட்டினால் சுருள் நிற்கும். பட்டோ வழுக்கும். ஆகவே சுருட்டைத் தலைக்கு மோஹேர், நீண்ட பின்னலுக்குப் பட்டு என்பது என் துணிபு.

கடைகளில் விற்கும் பரீக்களுக்குப் பெரும்பாலும் பொன்னிறக் கூந்தல். எங்கள் குடியிருப்பில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, என் மடியில் கிடந்த கரிய பட்டிழைகளைப் பார்த்து, "பாட்டி, கறுப்பு முடி இருந்தால் பரீ ஆக முடியாதே!" என்றாள். அவளுக்குக் கருகருவென்று இரட்டைப் பின்னல். எங்கே கற்றாள் இதை? வீட்டில் எவரும் சொல்லியிரார். பொம்மைகள் சொல்லியிருக்கின்றன. வாயால் மறுமொழி கூறி இதனை மாற்ற இயலாது என்று கண்டு, கரிய கூந்தலையே தொடர்ந்து கட்டினேன்.

கட்டும் முறை இது. பொம்மையின் தலைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, அதன்மேல் வலைத்துணியை வைத்துப் பசை தடவி ஓரிரவு உலரவிட்டால் தொப்பி போல் கழன்று வரும். நெற்றி ஓரத்தை வெட்டித் திருத்திக் கொள்ள வேண்டும். கச்சாப் பட்டானால் சோப்பு நீரில் மெல்லக் கொதிக்கவிட்டுப் பசையை நீக்குக. இழைகளைச் சிறு சிறு வரிசைகளாகத் தைத்து, பிடரியில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும், வகிடு கடைசியில். நுனியைக் கத்தரியால் ஒரே சீராக வெட்டினால் துடைப்பம் ஆகிவிடும். சவர அலகால் சீவிக் குறைப்பது நலம். எண்ணெய் மட்டும் தடவ வேண்டா, தூசி ஒட்டும்.

இனிச் சிறகு. மழைக்காலத்தில் நம் குடியிருப்புத் திடலில் தும்பிகள் கூட்டங் கூட்டமாய்ப் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். சிறார் வாலில் நூல் கட்டாதிருந்தால், அவற்றினும் நல்ல ஆசிரியர் இல்லை. முன் விளிம்பில் நரம்பு தடித்திருக்கும். பின்னே செல்லச் செல்ல மெலியும். பின் சிறகு அடியில் அகன்றிருக்கும். நுனிக்கருகே சிறு கரும்புள்ளி ஒன்றுண்டு. அதன் எடை சிறகைப் படபடத்து நடுங்காமல் காக்கிறது. தாளில் வரைந்து, முன் விளிம்புக்குத் தடித்த செப்புக் கம்பியும் நரம்புகளுக்கு மெல்லிய கம்பியும் வளைத்துக்கொள்வேன். சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டும் மினுமினுப்புப் பிளாஸ்டிக் தாள் இரண்டின் நடுவே கம்பியை வைத்து, மேலும் கீழும் ஒட்டாத தாளிட்டு, இளஞ்சூட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் சிறகு அமையும். சூடு மிகுந்தால் சுருங்கிவிடும். அப்புள்ளியை மையால் வைக்க மறவாதீர்கள். அது இல்லாத சிறகு வெறும் தாளாகவே தெரிகிறது.

சிறகைக் கழுத்தடியில் பலர் ஒட்டுகிறார்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் நடுவே இருத்தலே முறை. அங்கே உடலைச் சுடுமுன்பே சிறு பித்தளைக் குழல்களைப் பதித்துவிட்டால், சிறகை வேண்டும்போது செருகலாம், கழற்றலாம். கொலுப் பெட்டியோடு இரண்டு நாள் இரயிலில் செல்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதோ, மேசைமேல் நிற்பவள் அவ்வாறு செய்யப்பட்டவளே. சிறகுகள் பக்கத்துப் பெட்டியில் இருக்கின்றன. விழா முடிந்தபின் குழந்தைகள் வந்து தாமே செருகிப் பார்க்கலாம். இடப்பக்கத்துச் சிறகுகளின் அடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறேன்; மாற்றிச் செருகிவிடாதீர்கள்.