பன்னிரண்டு விரற்கடைச் சொல்



சித்தப்பாவுக்கு ஒரு மாதமாக நெஞ்செரிச்சல். டாக்டர் எழுதிய சீட்டை என்னிடம் நீட்டி, "என்னடா இது, கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கு?" என்றார். பரிசோதனையின் பெயர், ஆங்கிலத்தில் 27 எழுத்து. இரண்டு முறை தடுக்கி விழுந்தேன். மூன்றாம் முறை சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்ஸ் வண்டி என்றது சரிதான். பெட்டிகளைக் கழற்றிப் பாருங்கள். ஈசாஃபகோ, உணவுக்குழாய். காஸ்ட்ரோ, இரைப்பை. டியூஓடினோ, முன்சிறுகுடல். ஸ்கோபி, பார்ப்பது. வாய்வழியே விடும் குழாய் எந்த வரிசையில் இறங்குகிறதோ, சொல்லும் அதே வரிசையில் இறங்குகிறது. நடுநடுவே வரும் 'ஓ'வுக்குத் தனிப் பொருள் இல்லை. நம் சாரியை போல வெறும் கொக்கி.

ஆனால் பொருளுக்குப் பிரிப்பது வேறு, வாய்க்குப் பிரிப்பது வேறு. ஆங்கில எழுத்தில் முதலில் நிற்கும் 'ஓ' வாயில் வராது. 'ஈ' என்றுதான் தொடங்க வேண்டும். கடைசிப் பெட்டியின் 'ஸ்' முன்பெட்டியோடு ஒட்டி 'னாஸ்' ஆகிவிடும். அழுத்தமும் அங்கேதான். மெதுவாகச் சொல்கிறேன்: ஈ-சா-ஃப-கோ, காஸ்-ட்ரோ, டியூ-ஓ-டி, னாஸ்-க-பி. பன்னிரண்டு அசை. (நேர், நிரை என்று அலகிட வேண்டாம், கணக்கு உதைக்கும்.) பழகும்போது வாலைப் பிடியுங்கள். முதலில் னாஸ்கபி. பிறகு டியூஓடினாஸ்கபி. அப்படியே முன்னால் ஒவ்வொரு பெட்டியாக மாட்டுங்கள்.

பன்னிரண்டு என்றதும் இன்னொன்று. கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ஹீரோஃபிலஸ் என்ற மருத்துவர், முன்சிறுகுடலை விரலால் அளந்து 'பன்னிரண்டு விரல்' என்றே கிரேக்கத்தில் பெயர் வைத்தார். அது லத்தீனுக்குப் போய் டியூஓடினம் ஆயிற்று. லத்தீனில் டியூஓடெசிம் என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு விரற்கடை நமக்கு ஒரு சாண். ஒரு சாண் வயிறு என்று நாம் சொல்வதற்கு அடுத்த வீட்டிலேயே ஒரு சாண் குடல்!

சித்தப்பா இரண்டே நாளில் பழகிவிட்டார். பரிசோதனையன்று நர்ஸம்மாவிடம் பன்னிரண்டு அசையையும் பிசிறில்லாமல் சொன்னார். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓஜிடி ஸ்கோப்தானே ஐயா? காலையில எதுவும் சாப்பிடலையே?"