பிரிண்டா, ரிட்டர்னா?

மாடம்பாக்கத்துல எங்க தெருப் பசங்க நாலஞ்சு பேருக்கு ஞாயித்துக்கிழமை பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கட்டத்துல எல்லாருமே கேட்பாங்க: "அண்ணா, ஃபங்ஷனுக்குள்ள பிரிண்ட் போட்டாலும் விடை வருது, ரிட்டர்ன் போட்டாலும் வருது. அப்புறம் என்ன வித்தியாசம்?"

நியாயமான கேள்விதான். பைத்தான் ஷெல்லில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது ரிட்டர்ன் பண்ணும் மதிப்பையும் ஷெல்லே திரையில் காட்டிவிடும். பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். அதே நிரலை ஒரு ஃபைலில் எழுதி ஓட்டும்போதுதான் சாயம் வெளுக்கும்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் பிரிண்டுக்குப் 'பதிப்பி', ரிட்டர்னுக்குப் 'பின்கொடு'. விடை இந்தச் சொற்களிலேயே இருக்கு. ஒண்ணு நம்ம கண்ணுக்குக் காட்டுது. இன்னொண்ணு, கூப்பிட்ட இடத்துக்கே திருப்பிக் கொடுக்குது. மளிகைக்கடை அண்ணாச்சி "மீதி இருபது ரூபா"ன்னு சத்தமா சொன்னா மட்டும் போதுமா? கையில கொடுத்தாத்தானே அடுத்த கடையில செலவு பண்ண முடியும்!

ஒரு தண்ணி கேன் 40 ரூபாய், மாசம் 12 கேன்னு வெச்சுக்கோங்க. உங்க ஃபங்ஷன் 480ன்னு பிரிண்ட் மட்டும் பண்ணுது. அதோட மெயின்டனன்ஸ் 2,000 ரூபாயைக் கூட்டப் பாருங்க, பைத்தான் 'டைப் எரர்' கொடுக்கும். ஏன்னா, ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் திருப்பிக் கொடுக்கிறது 'நன்'. திரையில 480 பளிச்சுன்னு தெரியும், கையில ஒண்ணும் இருக்காது.

வேலைக்கான ஆன்லைன் டெஸ்டுகளில் இது நேரா மார்க்கில் கை வைக்கும். சில கேள்விகள் ஃபங்ஷன் எதைத் திருப்பிக் கொடுக்குதுன்னு மட்டும்தான் பார்க்கும். கணக்கு சரி, திரையில் வந்த விடையும் சரி, ஆனா மார்க் பூஜ்யம். சில கேள்விகள் பிரிண்டைத்தான் எதிர்பார்க்கும். அதனால எது கேட்கிறாங்கன்னு முதல்ல படிங்க.

பிரிண்ட் நமக்கு எதிரி இல்ல. ஆனா கணக்குப் போடுற ஃபங்ஷன் ரிட்டர்ன் பண்ணட்டும். பிரிண்டைக் கடைசியா ஒரே இடத்துல வையுங்க. நாளைக்கு அதே 480ஐ வாட்ஸப்ல அனுப்பணும், எக்செல்ல போடணும்னா, ஃபங்ஷனைத் தொடவே வேண்டாம்.

இந்த வாரம் உங்க பழைய நிரல் ஒண்ணைத் திறங்க. ஃபங்ஷனுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு பிரிண்டையும் பார்த்து, "இதை யார் வாங்கிக்கப் போறாங்க, மனுஷனா, இன்னொரு ஃபங்ஷனா?"ன்னு கேளுங்க. எதை மாத்தணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.