அம்மாவை 'நர்ஸ்' என்று அழைத்த பையன்



1930-களின் கடைசி வருடங்கள். லண்டனில் குழந்தைகளுக்கென்று ஒரு மனநல நிலையம் இருந்தது. அங்கே ஒரு சின்னப் பையனைக் கூட்டி வந்தார்கள். திருடுவான், பொய் சொல்வான், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றுவான். அடித்தாலும் அசைய மாட்டான், கொஞ்சினாலும் உருக மாட்டான். நம் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன சொல்வோம்? "பிறவிக் குணம், திருத்த முடியாது" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போவோம்.

அந்த நிலையத்தில் தாயைத் தனியாக உட்காரவைத்து, பிள்ளையின் பழைய கதையைக் கேட்பது வழக்கம். ஒன்றரை வயதில் அவனுக்கு டிப்தீரியா வந்திருக்கிறது. ஒன்பது மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். தாய் தகப்பன் போய்ப் பார்க்கவே இல்லை. பெற்றவர்களைக்கூட வார்டுக்குள் விடாத காலம் அது. வீடு திரும்பியவன், பெற்ற தாயை 'நர்ஸ்' என்று கூப்பிட்டான். யார் வீட்டுப் பிள்ளையையோ வளர்ப்பது போலத் தாய்க்கும் தோன்றியது.

அந்த நிலையத்தின் மருத்துவர் ஜான் பௌல்பி. திருட்டுப் பழக்கத்துக்காக வந்த 44 பிள்ளைகளின் கதைகளைத் திரட்டி 1944-இல் வெளியிட்டார். அவர்களில் 14 பேர் இந்தப் பையனைப் போலவே யாரிடமும் ஒட்டாதவர்கள். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயதில் நெடுநாள் தாயைப் பிரிந்திருந்தவர்கள். மீதி 30 பேரில் அப்படிப் பிரிந்தவர்கள் ஐந்தே பேர்.

இந்தக் கணக்கில் குறை உண்டு. எந்தப் பிள்ளை ஒட்டாதவன் என்று முடிவு செய்தவரும் பௌல்பிதான், எண்ணியவரும் அவர்தான். பிரிவைவிட வீட்டுக்குள் ஓயாமல் நடக்கும் சண்டையே பிள்ளையை அதிகம் கெடுக்கிறது என்று மைக்கேல் ரட்டர் 1972-இல் எடுத்துச் சொன்னார். ஆனாலும் பௌல்பி கேட்ட கேள்வி நியாயமானது. குணம் என்று நாம் பெயர் வைப்பதில் எவ்வளவு, ஆறாத காயம்?

அடி உதைக்கு நடுவே வளரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கதவு திறக்கும் சத்தத்திலேயே அப்பா குடித்திருக்கிறாரா இல்லையா என்று அதற்குத் தெரியும். யோசித்துக்கொண்டு நின்றால் அடி விழும். சட்டென்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அடிக்க வேண்டும். வீட்டில் அவனைக் காப்பாற்றிய அதே வேகம், வகுப்பில் யாரோ தெரியாமல் இடித்தாலும் கையை ஓங்க வைக்கிறது. சாதாரண முகத்திலும் அவனுக்குப் பகை தெரிகிறது. நாம் அவனை 'முரடன்' என்கிறோம்.

சரி, காயம் பட்ட பிள்ளைகள் எல்லாம் குற்றவாளிகள் ஆகிறார்களா? அமெரிக்காவில் கேத்தி விடம் என்ற ஆய்வாளர், கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவில் இருந்த 908 பிள்ளைகளின் பிற்கால வாழ்க்கையைத் தேடிப் பார்த்தார். 1989-இல் முடிவு வந்தது. நூற்றுக்கு 26 பேர் சிறு வயதிலேயே கைதாகியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த மற்றப் பிள்ளைகளில் அது 17. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் என் மனசில் நிற்பது மீதி 74 பேர்தான். அத்தனை பட்டும் அவர்கள் சிறு வயதில் கைதாகவில்லை. "பட்ட பிள்ளை கெட்ட பிள்ளை" என்று யாராவது சொன்னால், இந்த 74 பேரைச் சொல்லுங்கள்.

இயல்புக்கும் இதில் பங்கு உண்டு. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972, 73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை மூன்று வயதிலிருந்து இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். காத்திருக்க முடியாத, ஆத்திரத்தை அடக்க முடியாத பிள்ளைகள் பெரியவர்களானபோது தண்டனை பெறுவது அதிகமாக இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் பாட்டிகள் சொல்வதுபோலத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் அதே ஆய்வில், வளர வளர அடக்கம் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் வாழ்க்கை நன்றாகவே அமைந்தது.

பிள்ளையின் பழைய கதையைக் கேட்க நம் நாட்டுச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்ட சிறுவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியதும், நன்னடத்தை அலுவலர் 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீட்டில் யார் யார், பள்ளியை ஏன் விட்டான், அவனுக்கு ஏதாவது கொடுமை நடந்ததா என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. அவசரத்தில் ஒரே வார்த்தையில் நிரப்பிவிடலாம். பிள்ளையின் வீட்டுக்கே போய், அவன் அம்மாவுடன் திண்ணையில் உட்கார்ந்து, சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று கேட்டும் நிரப்பலாம்.

லண்டனில் அந்தத் தாயிடம் கேட்டதும் அதைத்தான்.