ஓதத் தெரிந்த மொழியின் பொருளையும் அறிவோம்

(ஜமாஅத்தின் மாணவர் கல்வி ஊக்குவிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் இளைஞர்கள் பலர் பிழைப்பு நாடி வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் முன் வேலை ஒப்பந்தம் வைக்கப்படுகிறது. ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் அரபி. இரண்டிற்குமிடையே வேறுபாடு எழுந்தால் அரபி வாசகமே செல்லும் என்பது சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தின் விதி. ஊதியமும் விடுப்பும் அந்த அரபி வரிகளுக்குள்தான் அடங்கியுள்ளன. அவற்றின் எழுத்துக்களை நம் பிள்ளை மக்தபிலேயே கற்றவன். எனினும், ஸபர், ஸேர், பேஷ் இடப்படாத அந்த வாசகத்தைச் சரளமாகப் படிக்கவோ, பொருள் கொள்ளவோ அவனால் இயல்வதில்லை. பாதி வழி வந்து நின்றுவிட்டோம். மீதி வழியையும் பள்ளிப் பருவத்திலேயே கடக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பிறமொழி கற்பது இக்கடற்கரைக்குப் புதிதன்று. ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் காயல் துறைக்கு வந்ததை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்துள்ளார். அந்த வாணிபம் மொழியறிவின்றி நடந்திருக்க முடியுமா? நம் முன்னோர் அரபியைக் கற்றதோடு நில்லாமல், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துக்களில் புள்ளிகளைச் சேர்த்து அரபுத்தமிழையே உருவாக்கினர். காயல்பட்டினத்தில் பிறந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் 17ஆம் நூற்றாண்டில் அரபு மொழியிலேயே கவி புனைந்தார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரி அவர்களின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இதே முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்டிரிக்கே அடிகளார், மொழிபெயர்ப்பாளரை நம்பியிராமல் தாமே தமிழ் கற்றார். தமிழுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் இலக்கணமும் வரைந்தார். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவருடைய உழைப்பே. இந்திய மொழி எழுத்துக்களில் அச்சான முதல் நூல்களுள் அது ஒன்று. அந்நியர் நம் மொழியைக் கற்று ஆக்கிய பணி இது. நாம் பிறர் மொழியைக் கற்கத் தயங்கலாமா?

"கைபேசியே மொழிபெயர்த்துத் தருகிறதே!" என்று சில மாணவர்கள் கேட்கின்றனர். கடைத்தெருவில் வழி கேட்க அது போதும். நேர்முகத் தேர்வில் மேலாளர் கேள்வி கேட்கும்போதும், மருத்துவமனையில் நோயாளி வலியால் துடித்துப் பேசும்போதும் கைபேசியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சட்டச் சொல் ஒன்று பிசகினால் பொருளே மாறிவிடும்.

எந்த மொழியைக் கற்பது? நம் பிள்ளைகளுக்கு முதலில் அரபியே எளிது. எழுத்தும் உச்சரிப்பும் முன்பே கைவந்தவை. வளைகுடாவின் பேச்சரபி நூலரபியினின்று வேறுபட்டதுதான். ஆயினும் ஒப்பந்தமும் அரசு அறிவிப்பும் நீதிமன்ற ஆவணமும் நூலரபியிலேயே எழுதப்படுகின்றன. அதை அறிந்தவர் பேச்சு வழக்கை விரைவில் பழகிக்கொள்வர்.

செவிலியர் படிப்பை விரும்பும் மாணவியர் ஜெர்மன் மொழியை எண்ணிப் பார்க்கலாம். ஜெர்மனியில் செவிலியராகப் பணியாற்றப் பொதுவாக பி2 நிலைத் தேர்ச்சி கேட்கப்படுகிறது. ஆறு நிலைகளுள் அது நான்காவது. சில மாதங்களில் அவசரமாக எட்டுவது கடினம். தொழிற்கல்வி பயில்வோர்க்கு ஜப்பானிய மொழி பயன்தரும். திறன்பெற்ற பணியாளர்களை அனுப்புவது குறித்து இந்தியாவும் ஜப்பானும் 2021ஆம் ஆண்டு உடன்பாடு செய்துள்ளன. தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே நிற்கும். ஆதலால் அதன் வாக்கிய அமைப்பு தமிழ்ப் பிள்ளைக்கு அந்நியமாகத் தோன்றாது. அம்மொழித் திறன் தேர்வு சென்னையிலேயே நடைபெறுகிறது. அதற்கு வயது வரம்பில்லை.

பெற்றோர்களே! பாஸ்போர்ட் எடுத்தபின் மொழியைத் தேடாதீர்கள். 9ஆம் வகுப்பிலேயே தொடங்குங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். பள்ளிப் பாடங்களுக்கு இடையூறின்றி நான்கு ஆண்டுகளில் நல்ல அடித்தளம் அமைந்துவிடும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: தாய்மொழியின் இலக்கணம் தெளிந்தவர்க்கே பிறமொழி எளிதில் வசப்படும். தமிழைத் தள்ளிவிட்டுப் பிறமொழிக்குத் தாவ வேண்டா. பெண்மக்களையும் ஒதுக்கிவிடாதீர்கள், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்புப் பணி செய்ய அவர்களுக்கு இன்று வாய்ப்புண்டு.

ஜமாஅத் நிர்வாகத்திற்கும் ஒரு வேண்டுகோள். மக்தப் கட்டடம் வார விடுமுறையில் சில மணி நேரம் ஓய்வாக உள்ளது. வெளிநாடுகளில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். ஆலிம் பெருமக்கள் இலக்கணம் கற்பிக்க, அப்பெரியவர்கள் பேச்சுப் பயிற்சி அளிக்கட்டும். தேர்வுக் கட்டணம் செலுத்த இயலாத மாணவர்க்கு ஜமாஅத் கைகொடுக்கட்டும். வரும் கல்வியாண்டிலேயே, இன்ஷா அல்லாஹ், ஒரு வகுப்பையாவது தொடங்குவோம்.

தான் கையொப்பமிடும் தாளைத் தானே படித்துப் பொருள் உணரும் தலைமுறை நம் ஜமாஅத்திலிருந்து உருவாகட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.