மாதம் ஒரு புத்தகப் பெட்டி



பதின்மூன்று வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்ட வாசகருக்கென்றே மாதந்தோறும் புத்தகப் பெட்டி அனுப்பும் வழக்கம் ஒன்று மேல்நாடுகளில் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டில் தோன்றிய அவுல்கிரேட் போன்ற நிறுவனங்கள் இதனைப் பரவச் செய்தன. சந்தா செலுத்தியவரின் வீட்டிற்குத் தபாலில் பெட்டி வந்து சேரும். உள்ளே புதிதாக வெளிவந்த நாவல் ஒன்று, அதன் ஆசிரியர் வாசகருக்கு எழுதிய கடிதம், கதையோடு தொடர்புடைய சிறு பரிசுப் பொருள்கள் ஆகியன இருக்கும். எந்த நூல் வரும் என்பது பெட்டியைத் திறக்கும் வரையில் தெரியாது. அந்த ஆவலே இவ்வழக்கத்தின் உயிர்நாடி. திறக்கும் காட்சியைப் படம் பிடித்துப் பிறருக்குக் காட்டி மகிழ்வோரும் பலர்.

பெட்டியின் அலங்காரம் புதியதெனினும் அடிப்படைக் கருத்து பழையதே. 1926-ஆம் ஆண்டில் ஹாரி ஷெர்மன் என்பவர் நியூயோர்க் நகரிலே ‘மாதம் ஒரு நூல்’ என்னும் கழகத்தை நிறுவினார். நல்ல புத்தகக் கடை எட்டாத சிற்றூர் மக்களுக்கும் தபால் எட்டும் என்பதே அவர் கண்ட உண்மை. அறிஞர் ஐவர் கூடி நூலைத் தேர்ந்தனர். முதல் நூல் 4,750 உறுப்பினர்க்குச் சென்றது. கடை இல்லாத இடத்தில் தபால்காரரே கடையானார். தெரிந்து சொல்வார் இல்லாத இடத்தில் தேர்வுக் குழுவே வழிகாட்டியாயிற்று.

நம்மவருள்ளும் இம்முயற்சி இல்லாமலில்லை. தீரர் சத்தியமூர்த்தியின் புதல்வியார் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி சென்னையில் 1960-களின் நடுவே ‘வாசகர் வட்டம்’ என்னும் அமைப்பைத் தொடங்கி, உறுப்பினரை நம்பி நல்ல நூல்களை அழகுற வெளியிட்டார். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’, சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ ஆகியவை அவ்வழியே வந்தவை. ஈழத்து எழுத்துக்கும் மலேசிய எழுத்துக்கும் இடமளித்த ‘அக்கரை இலக்கியம்’ என்ற தொகுப்பும் 1968-இல் அவ்வட்டத்தின் வெளியீடாகவே வந்தது. அதற்கும் முன்னரே, 1931-இல், மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வாசகன் நூலைத் தேடி வர இயலாவிடின், நூல் வாசகனைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதே இவர்கள் எல்லோரும் கொண்ட கொள்கை.

இக்கொள்கையைக் கிளிவெட்டியில் நின்று எண்ணிப் பார்ப்போம். திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே, வயல் சூழ்ந்த ஊர் கிளிவெட்டி. 2006-ஆம் ஆண்டின் போரில் சம்பூர்ப் பகுதியை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, இங்கிருந்த இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. கூரையும் குடிநீருமே கவலையாயிருந்த காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் எங்கிருந்து வரும்? பாடநூலைப் பாடசாலை தரும். பரீட்சைக்குரிய பயிற்சியைத் தனியார் வகுப்புத் தரும். தன் மனத்துக்கு உகந்த நூலை யார் தருவார்?

பிள்ளைக் கதைகளைக் கடந்தும் பெரியோர் நூல்களை எட்டாமலும் நிற்கும் இந்தப் பருவத்திலேதான் வாசிப்புப் பழக்கம் வேரூன்றுவதும் பட்டுப்போவதும் நிகழ்கின்றன. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும், “கதைப் புத்தகத்தை வைத்துவிட்டுப் படி” என்று வீட்டார் சொல்வர். அப்பொழுது கீழே வைத்த புத்தகத்தைப் பலர் பின்னர் எடுப்பதேயில்லை.

ஒரு நூல் தனித்த இளைஞனுக்கு என்ன செய்யும் என்பதற்குக் கொட்டியாரக்குடாவே சான்று. 1660-ஆம் ஆண்டில் பாய்மரம் இழந்து இக்குடாவை அடைந்த ஆங்கிலக் கப்பலிலிருந்து சிறைப்பிடிக்கப்பட்டார் றொபேட் நொக்ஸ். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. உடன் சிறைப்பட்ட தந்தையும் மறுவருடம் மறைந்தார். கையிலிருந்தவை இரண்டே சமய நூல்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து மனப்பாடமாக்கிவிட்டார். பின்னர் முதியவர் ஒருவர் ஆங்கில விவிலியம் ஒன்றைக் கொண்டுவந்தார். போர்த்துக்கீசர் கொழும்பை இழந்த நாளில் அவர் கைக்கு வந்தது அது. பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதனைப் பெற்றார். எதிர்பாராது வந்த அந்நூல் அவருடைய சிறைவாழ்வில் பெருந்துணையாயிற்று. 1679-இல் தப்பிச் சென்ற அவர், 1681-இல் இலங்கையைப் பற்றித் தாமே ஒரு நூல் வெளியிட்டார்.

மேல்நாட்டுப் பெட்டியை அவ்வாறே நாம் தருவிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதன் விலையும் தபாற் செலவும் நம் பிள்ளைகளுக்கு எட்டா. அதில் வேறொரு குறையும் உண்டு: பரிசுப் பொருள்கள் பெருகப் பெருக நூல் சிறுத்துப்போகும். பெட்டியைத் திறந்த மகிழ்ச்சியிலேயே நின்றுவிட்டு, புத்தகத்தைத் திறவாதவரும் உளர். உமியை அளந்துவிட்டு நெல்லை மறந்த கதைதான் அது.

ஆயினும் ஆவல், நம்பத்தகுந்த தேர்வு, மாதந் தவறாமை என்னும் மூன்று நற்கூறுகளையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் வாசிக்க விரும்பும் இளைஞரும் யுவதியருமாகப் பத்துப் பேர் சேரட்டும். நூலின் விலையில் பத்திலொரு பங்கே ஒருவருக்குச் செலவாகும். ஒருவர் 3 நாள் வைத்திருந்தால் 30 நாளில் பத்துப் பேரும் படித்து முடிப்பர். ஓராண்டில் 12 நூல்கள் ஊருக்குச் சொந்தமாகும். அவையே ஒரு வாசிகசாலையின் முதல் அலுமாரியாகலாம். தெரிவு செய்யும் பொறுப்பை ஆசிரியர் ஒருவர் ஒரு மாதம் ஏற்கட்டும். மறுமாதம் உறுப்பினருள் ஒருவர் ஏற்கட்டும். தேர்ந்தவர், அந்நூலைத் தாம் ஏன் தேர்ந்தார் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பெட்டியில் வைக்கட்டும். படித்தவர் தம் கருத்தைக் குறிப்புப் புத்தகம் ஒன்றில் எழுதி அடுத்தவரிடம் கொடுக்கட்டும். பிடிக்கவில்லையாயின் அதனையும் அஞ்சாது எழுதலாம். மறுத்துரைக்கப் பழகுவதும் வாசிப்பின் பயனே.

முதற் பெட்டியில் எதனை வைப்பது? மூதூரிலே 1925-இல் பிறந்து, அம்மண்ணின் மக்களைத் தம் கதைகளில் வாழவைத்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’யை வைக்கலாம். தன் ஊருக்கு அணித்தான கடலும் துறையும் இலக்கியமாகி நிற்பதைக் காணும் பிள்ளைக்கு, தன் வாழ்வும் எழுதத் தக்கதே என்னும் துணிவு பிறக்கும். இரண்டாம் பெட்டியில் தூரதேசத்துக் கதையொன்றின் நல்ல மொழிபெயர்ப்பை வைக்கலாம். தன் ஊரை அறிந்தவன் உலகையும் அறிய வேண்டுமன்றோ?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பரீட்சை முக்கியமானதே. ஆயினும் மாதத்தில் மூன்று நாள் ஒரு கதையோடு கழிந்தால் கல்வி கெட்டுவிடாது. பிள்ளை கையில் கதைப் புத்தகம் கண்டால் அதைப் பறியாதீர்கள், “கதை எப்படி?” என்று ஒரு முறை கேளுங்கள். அக்கேள்வியே அடுத்த பெட்டிக்குரிய சந்தாவாகும்.