வளர்ப்புத் தட்டிலுள்ள கலங்களும் அவற்றின் காவலும்

இரும்பு துருப்பிடிப்பதும் நாட்பட்ட எண்ணெய் காறிப்போவதும் யாவரும் அறிந்தவை. இவற்றில் ஒட்சிசனுக்குப் பெரும் பங்குண்டு. உயிரைக் காக்கும் அவ்வாயுவே உயிர்க்கலங்களையும் பழுதாக்க வல்லது.

1907ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் றொஸ் ஹரிசன், தவளை முளையத்தினின்று எடுத்த நரம்பிழையம் உடலுக்குப் புறத்தேயும் வளர்வதைக் காட்டினார். அன்று தொட்டு ஆய்வுகூடங்களிற் கலங்களை வளர்க்கும் முறை பெருகிற்று. ஆயின் அங்கே அவற்றுக்கு ஓர் இடர் உண்டு. உடலின் உள்ளிழையங்கள் பலவற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 10 பங்கே. வளர்ப்புத் தட்டிலோ அது 20 பங்கை அண்மிக்கிறது. இந்த 20 பங்கு ஒட்சிசனில் விரைவில் பெருக்கம் ஓய்ந்த சுண்டெலிக் கலங்கள், 3 பங்கில் ஓயாது பெருகின என 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

இக்கேடு நிகழ்வது எவ்வாறு? ஒட்சிசனிலிருந்து, சோடியற்ற இலத்திரனையுடைய சுயாதீன மூலிகங்கள் தோன்றுகின்றன. அவை கலமென்சவ்வின் கொழுப்பு மூலக்கூறொன்றிலிருந்து ஐதரசன் அணுவைப் பறிக்கின்றன. பறிகொடுத்த மூலக்கூறு ஒட்சிசனுடன் சேர்ந்து அயல் மூலக்கூற்றைத் தாக்க, வேலியிற் பற்றிய தீப்போலச் சேதம் தொடர்கிறது. மென்சவ்விலேயே தங்கியிருக்கும் விற்றமின் ஈ, தன் ஐதரசனை ஈந்து அத்தொடரை அறுக்கிறது. விற்றமின் சீ அதனை மீண்டும் புதுப்பிக்கிறது. கற்றலேசு என்னும் நொதியம் ஐதரசன் பரவொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கிறது. இத்தகைய காவற்பொருள்களே ஒட்சியேற்ற எதிரிகள் எனப்படும்.

ஆயினும், வளர்ப்புக் கரைசலில் மிகுதியாக இட்ட விற்றமின் சீ, அங்கேயே ஒட்சியேறி ஐதரசன் பரவொட்சைட்டைத் தோற்றுவிக்கக்கூடும். அப்போது காவற்பொருளே கலத்துக்குக் கேடாகிறது. தட்டிற் கண்ட பயன் மனிதரிடத்தும் தவறாது கிட்டும் என்று கொள்ளுதலும் பொருந்தாது. பின்லாந்தில் புகைப்பழக்கமுள்ள 29,133 ஆடவரிடையே நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளியாயிற்று. பீற்றா கரட்டீன் உட்கொண்டோரிடத்து நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. உட்கொள்ளாதோரிலும் நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது.

ஆதலால், காய்கனிகளை நாள்தோறும் உணவிற் சேர்த்தல் நன்று. அவற்றிலுள்ள ஒரு பொருளை மட்டும் பிரித்து வில்லையாக்கி உண்பது வேறு. வளர்ப்புத் தட்டின் சான்றை மட்டும் நம்பி அதனைக் கைக்கொள்ளலாகாது. புகைப்போர் பீற்றா கரட்டீன் வில்லைகளைத் தவிர்த்தலே தகும். புகையை விடுதலோ அதனினும் நன்று.