காணி மக்கள் காட்டிய பழம்

(குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாடித் தோட்டத்தில் மூலிகை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன்னால் அகத்தியமலை வரை ஒரு நடை போய்வருவோம்.

1987இல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் தாவரவியல் குழு ஒன்று அங்கே ஏறியது. அறிவியலாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது. வழிகாட்ட வந்த காணி இளைஞர்களோ ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடக்கிறார்கள். கேட்டதும் சொல்லிவிடவில்லை. அது வெளியாருக்குச் சொல்லாத சேதி. மிகவும் வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று 10 லட்சம் ரூபாய்க்குத் தயாரிப்பு உரிமை பெற்றது. விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. பாட்டி வைத்தியத்துக்குப் பங்கு கொடுத்தவர்கள் அதுவரை எத்தனை பேர்?

ஆனால், பணத்தை வாங்க அறக்கட்டளை அமையவே 1997 ஆனது. காட்டில் இலை பறிக்க வனத்துறையும் விடவில்லை. பாபநாசம் பக்கத்திலும் காணி மக்கள் உண்டு. அறக்கட்டளையோ கேரளத்தோடு நின்றது. எனக்கு இது உறுத்தல்தான்.

ஆரோக்கியப்பச்சைக்கு மரநிழலும் ஈரமும் வேண்டும், மொட்டை மாடிக்கு வராது. திப்பிலியை நிழல்வலைக்குள் தொட்டியில் வளர்க்கலாம். நாற்று வேண்டுவோர் பெயர் கொடுங்கள்.